கிழக்கே வழிந்த பொங்கல்

சுனாமி வந்து மூன்று கிழமை முடியவில்லை, தைப்பொங்கல் வந்துவிட்டது. நாங்கள் அப்போது கல்முனையில் ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்தோம். அங்கே இழவு விழாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வழக்கப்படி செத்த வீட்டில் அந்த வருசம் பொங்கமாட்டார்கள். அயல் வீட்டார்தான் பொங்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வருசம் கொடுப்பதற்கு அயலே இல்லை.

என் தங்கச்சி மட்டும் பொங்கியே தீருவேன் என்று நின்றாள். அவள் புருசன் சுனாமி வந்த அன்று காலை கரைவலை இழுக்கப் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. சொந்தக்காரர் உடம்பில்லாமலே எட்டாம் நாள் ‘எட்டு’ படைத்துக் கிரியையை முடித்துவிட்டார்கள். இவள் பொட்டை அழிக்கவில்லை. பொங்காமல் விட்டால் அவர் செத்ததைத் தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாள்.

அவள் மாமியார் வகுப்பறை வாசலில் நின்று கத்தினார்.

“செத்த வீட்டுல பானை வைக்கப் போறியா? ஊர் காறித் துப்பும் புள்ள!”

“ஆரு செத்த? நீங்க கண்டீங்களா மாமி?”

“கடலுக்கிட்டப் போய்க் கேளு!”

மச்சான் திரும்பி வருவார் என்று நான் துளியும் நம்பவில்லை. ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாடசாலைக்கு எதிர் வீட்டு முஸ்லிம் அம்மாவிடம் பானை கேட்டேன். பாலையும் சேர்த்துத் தந்தார். “வெச்சிக்கங்க மகன், திருப்பித் தரத் தேவல்ல” என்றார்.

முற்றத்தில் மூன்று கல் வைத்தோம். சூரியனைப் பார்த்துத்தான் பொங்க வேண்டும். எங்கள் ஊரில் சூரியன் எழும்புவது கடலிலிருந்து. அத்தனை நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத சனம் நாங்கள்.

அந்த நேரம் பார்த்து வெளியூர் நிவாரணக் குழு ஒன்று கமராவோடு வந்து இறங்கியது. பானையைக் கண்டதும் அவர்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒருவர் பேசவே தொடங்கிவிட்டார். இன்றுதான் சூரியபகவான் தேரை வடக்கே திருப்புகிறாராம், இனி இருள் விலகிவிடுமாம்.

“அவர் கடலுக்குள்ள இருந்துதான் வாறவர் ஐயா. எங்கட ஆக்களக் கண்டாரா எண்டு கேட்டுச் சொல்லுங்க” என்றேன்.

அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பால் பொங்கக் கிளம்பியது. கிழக்குப் பக்கம் வழிந்தால் அந்த வருசம் நல்லது நடக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. தங்கச்சி மூச்சுவிடாமல் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நுரை மேற்குப் பக்கமாகச் சாய்ந்தது.

அப்போது மாமியார் ஓடிவந்து, அடுப்பை ஊதுவதுபோல் குனிந்தார். உடைந்த கூரை ஓட்டுத்துண்டு ஒன்றை மேற்குப் பக்கக் கல்லுக்கும் பானைக்கும் இடையில் விரலால் தள்ளினார். பக்கத்தில் நின்றதால் நான் கண்டேன். பானை மெல்லச் சரிந்து, பால் கிழக்கே வழிந்தது. நெருப்புச் சுட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, முதல் குரவை போட்டதும் அவர்தான்.

“பாத்தீங்களா மாமி, வருவார்!” என்று தங்கச்சி அவரைக் கட்டிப்பிடித்தாள்.

“ஓம் புள்ள, வருவான்” என்றார் மாமியார்.

அவர் குனிந்த அந்தக் கணத்தைத்தான் கமராக்காரன் படம் பிடித்திருக்கிறான். பத்திரிகையில் வந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: ‘துயர் மறந்து பொங்கி மகிழும் தாய்.’ எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

மச்சான் வரவில்லை. யுத்தம் முடிந்ததும், வடக்குச் சனத்தை அடைத்துவைத்திருந்த வவுனியா முகாம்களில் போய்த் தேடச் சொன்னாள் தங்கச்சி. கடல் அவரை வடக்கே எங்கேயோ ஒதுக்கியிருக்குமாம். போனேன். கம்பிவேலிக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஓட்டுத்துண்டின் கதையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு யாராவது வாழ்த்துச் சொன்னால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மகனுக்கு எட்டுப் படைத்துவிட்ட ஒரு தாய், அப்படியும் அவன் வந்துவிடமாட்டானா என்று நெருப்புக்குள் கையை விட்டதற்குப் பெயர் மகிழ்ச்சி என்றால், அந்த மகிழ்ச்சி எந்தச் சனத்துக்கும் வரவேண்டாம்.