முள்முருங்கைக் கம்பு

எங்கள் பக்கத்து மண்ணைப் புகழாதவர் இல்லை. கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பாதையில் பஸ் ஏறும்போதே தொடங்கிவிடுவார்கள்: மிளகுக்கொடியைப் பார், கராம்பைப் பார், பலாவைப் பார் என்று. வேலிக்கு நட்ட கம்பும் ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும் என்று நானும் பெருமையடித்துத் திரிந்தவன்தான். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எரிச்சல் வருகிறது.

எங்கள் மகள் நாலு வயதில் காய்ச்சலில் போனாள். நானும் மனைவியும் அப்போது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தோம். தோட்டத்து மயானத்தில், ஓடையோரமாகப் புதைத்தோம். தலைமாட்டில் ஒரு கல் நட வேண்டும் என்று மனைவி கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. கல் மழையில் சாய்ந்து மண்ணுக்குள் போய்விடும், உயிருள்ள கம்பு என்றால் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று பெரிய அறிவாளி மாதிரி சொல்லி, தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கையில் ஒரு கம்பு வெட்டி நட்டேன். மூன்றாம் வாரமே தளிர்த்தது. மனைவி அந்தத் தளிரைத் தடவித் தடவி அழுதாள். அதைப் பார்த்து, பிள்ளையைப் பறிகொடுத்த மற்றவர்களும் கம்பு நட்டார்கள். நல்ல யோசனை என்று என்னை மெச்சினார்கள்.

பிறகு கண்டியில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை கிடைத்து, மஹய்யாவவில் குடியேறினோம். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்பூரமும் கொஞ்சம் பொரியும் எடுத்துக்கொண்டு போனோம்.

மயானம் இருந்த இடத்தில் முள்முருங்கைக் காடு நின்றது. கழித்துப் போட்ட கிளைகள்கூட விழுந்த இடத்திலேயே வேர்பிடித்து மரமாகியிருந்தன. மேடுகள் புல்லுக்குள் போய்விட்டன. ஓடையும் தடம் மாறியிருந்தது.

"எதுங்க நம்ம புள்ள?" என்றாள் மனைவி.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கைக்கு நேரே நின்ற ஒரு மரத்தைக் காட்டினேன். அவள் அதைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்ளோ ஒசந்துட்டா பாருங்க."

அதன்பின் ஒவ்வொரு தையிலும் அந்த மரத்திடம் போனோம். மகளுக்கு இப்போது இத்தனை வயது என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஒரு வருடம் பாவாடைத் துணி வாங்கி வந்து மரத்தில் சுற்றிக் கட்டினாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் நினைப்பேன். இறங்கும்போது துணிவு போய்விடும். நான் கோழை, வேறென்ன சொல்ல.

போன வருடம் அவளும் போய்விட்டாள். தன் சாம்பலை மகளின் காலடியில் போடச் சொல்லியிருந்தாள். அந்த மரத்தடியிலேயே குழி தோண்டிப் போட்டு மூடினேன். என் பிள்ளை அந்தக் காட்டில் எங்கோ தனியாகக் கிடக்கிறாள். அவள் அம்மா யாரோ பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.