மாமா கதவைத் திறந்த மழைநாள்

மாமா மலையேறி வந்தபோது ஓர் ஊரையே தோளில் சுமந்துகொண்டு வந்தார். அத்தையைக் கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அதற்கு முன் சிலாங்கூர்ப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. மழை பிடித்துக்கொண்டால் போதும், லயத்து வரிசைவீட்டுப் படியில் என்னை மடியில் இருத்தி அந்த ஊரைக் கட்டத் தொடங்குவார். செங்கல் புகைபோக்கி, கரிக்கென்றே வந்த ரயில், படக்கொட்டகை, பந்தாடும் திடல், சீனர் காப்பிக்கடை. வெளியே குவித்துவைத்தால் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும் கரி.

"நெசமாவா மாமா?"

"நெசமாத்தான்லா! கோவக்காரக் கரி அது. ஒங்க அத்த மாதிரி."

அப்புறம் ரயில் எண்ணெய்க்கு மாறியது. சுரங்கத்தை மூடினார்கள். லாரி லாரியாகச் சனம் கிளம்பிப் போனது. வெட்டிய பள்ளங்களில் மழைநீர் நின்று ஏரியானது. அவர் சொன்ன வரலாறு அவ்வளவுதான். அதில் யாரும் சாகவில்லை.

எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் தம்பி பிறந்தான். பனி வாசல்வரை வந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் காலம். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாது என்று கட்டிலுக்கடியில் சட்டியில் கரிநெருப்பு வைப்பது லயத்து வழக்கம். பழைய பலகை வீட்டில் காற்று எந்த இடுக்கிலும் நுழையும். நாங்களோ அந்த வருடம்தான் கல்வீட்டுக்கு வந்திருந்தோம். அத்தை சன்னலிடுக்கில், கதவிடுக்கில் எல்லாம் சாக்கைத் திணித்து அடைத்தாள். புகை அடங்கிய கனல் சிவப்பாய்க் கண்சிமிட்டியது. எனக்கு அந்த அறையைவிட்டு வரவே மனமில்லை, அத்தைதான் விரட்டினாள்.

பிற்பகலில் மாமா வேலைவிட்டு வந்தார். அம்மா தலைவலி என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"புள்ள காலையிலேருந்து அழவே இல்லீங்க. என்னா சமத்து!" என்று அத்தை பூரித்தாள்.

மாமா சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே பாய்ந்தார். சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். நெருப்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கி மழையில் வீசினார். அம்மாவைத் தாங்கி, தம்பியை வாரி, வெளியே கொண்டுவந்து கிடத்தினார்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒங்களுக்கு? பச்ச ஒடம்புலா! பொகையே இல்லியே, என்னத்துக்கு இந்த ஆட்டம்?"

"பொகை இருந்தா தெரிஞ்சிரும்டி. கரி கக்குற இந்த வெசக்காத்து கண்ணுக்குத் தெரியாது. சொரங்கக் குழிக்குள்ள எங்கண்ணன் இப்படித்தான் போனாரு."

அத்தை ஓடிவந்து அம்மாவின் தலையை மடியில் ஏந்தினாள்.

"தங்கச்சி, கண்ணத் தொற. தூங்காத." அம்மாவை உலுக்கினார். தம்பி துணிபோல் கிடந்தான். அவன் உள்ளங்காலைத் தேய்த்தார், சுண்டினார், மறுபடி தேய்த்தார். மலைக்காற்று சாரலோடு வந்து அவன் முகத்தில் அறைந்தது. அம்மா வாந்தியெடுத்தாள். அதற்கப்புறம்தான், யாரோ அதட்டியதுபோல், தம்பி வீறிட்டான். முகம் சிவக்க, கைகால் உதற, லயமே கேட்க அழுதான்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் ஓடச் சிரித்தார்.

"அழுடா ராசா. நல்லா அழு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் முதுகில் இரண்டு கையாலும் குத்தினேன். பச்சைப் பிள்ளையைக் குளிரில் போட்டு அழவிட்டுச் சிரிக்கிற மனிதரோடு அந்த மழைக்காலம் முழுக்க நான் பேசவில்லை. வெந்துபோன உள்ளங்கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, மாமா அதற்கும் சிரித்தார்.