காத்மாண்டுவில் உருகிய நூல்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், நேபாளத் தலைநகரான காத்மாண்டுவில் நடந்தது இது.

எங்களுக்குக் காஞ்சிபுரம். என் கணவர் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே பட்டு நெய்கிறவர். காலையில் தறிக்குழியில் கால் வைத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எனக்கு நேர்மாறாக, ஓரிடத்தில் கால் தங்காது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். கல்யாணக் கூடங்களில் பாத்திரம் தேய்த்து, இலை போட்டு, பார்த்துப் பார்த்தே சமையல் பழகி, இப்போது வடநாட்டு யாத்திரை பஸ்களில் சமையல்காரியாகப் போகிறேன். அரிசி மூட்டைமேல் படுத்துத் தூங்குவேன். குளிரில் கை வெடிக்கும். அது வேலையோடு வருவதுதான்.

ஒருநாள் காத்மாண்டுவைப் பற்றி வீட்டில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாவது முடித்திருந்த என் மகள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: “நீ அந்த ஊர்ல பாத்தது அடுப்படியும் காய்கறிக் கடையும்தானம்மா. ஊரையே சுத்திப் பாத்தவ மாதிரி பேசிக்கினு இருக்காத.”

பக்கத்தில் இருந்த என் நாத்தனார் சிரித்தாள். “கேளு, நல்லா கேளு. புள்ளைங்கள உட்டுட்டு ஊர் ஊரா ஓடறாளே, என்னாத்த கண்டா?”

எனக்குச் சுருக்கென்றது. மகள் சொன்னது உண்மை. எத்தனையோ முறை அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். யாத்திரைக்காரர்கள் கோயில் பார்க்கப் போகும்போது நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அன்றைக்கே முடிவு செய்தேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அந்த ஊரைக் காட்டுவது, நானும் பார்ப்பது.

யாத்திரை மேனேஜர் லேசில் ஒப்பவில்லை. ஒரு வாரம் விடாமல் கேட்டேன். கடைசியில், “மூட்டைங்களோட கடைசி சீட்டுல வரட்டும். காய் அரியட்டும். ஆனா அதுங்களால ஒரு புகார் வந்துச்சுன்னா, உனக்கு இதான் கடைசி டூரு. பாத்துக்கம்மா” என்றார். சரி என்றேன்.

மலைப்பாதையில் ஐந்தாவது படிக்கும் மகன் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். மகள் வெங்காயம் உரித்தாள், என்னோடு பேசவில்லை.

காத்மாண்டுவில் நாங்கள் எப்போதும் தங்குவது பெரிய பௌத்த ஸ்தூபிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு லாட்ஜில். அதை நடத்துகிறவர் மலைநாட்டுப் பெண்மணி. தீதி என்று கூப்பிடுவேன். அந்த ஊரில் அக்காவுக்கு அதுதான் சொல். அவர் தம் சமையல்கட்டைத் திறந்துவிட்டால்தான் எங்கள் நாற்பது பேருக்கும் சாப்பாடு. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தி. மீதியைக் கையாலும் ரசத்தாலும் பேசிக்கொள்வோம்.

என் பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் உள்ளே ஓடிப்போய் மஞ்சள் நிறத்தில் இரண்டு நீளத் துண்டுகளைக் கொண்டுவந்தார். விருந்தாளிக்கு மரியாதை செய்ய அங்கே அப்படித்தான் கழுத்தில் போடுவார்கள். இரண்டு பேருக்கும் போட்டுக் கன்னத்தைத் தொட்டார்.

என் மகன் நெசவாளி பிள்ளை. எங்கள் தெருவில் எந்தத் துணி வந்தாலும் கை சும்மா இருக்காது. விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்போம். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வந்து சாம்பலாகும். மற்றது உருகி உருண்டையாகும். அவன் துண்டின் ஓரத்தில் நூலை உருவினான். வாசலில் புத்தர் சிலை முன்னால் எரிந்த நெய்விளக்கில் காட்டினான்.

“உருகுதும்மா. பாலியெஸ்டர்” என்றான் சத்தமாக.

தீதியின் முகம் சுருங்கிவிட்டது. மரியாதைக்குப் போட்ட துணியைச் சாமி விளக்கிலேயே எரித்திருக்கிறான். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். சமையல்கட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கதவு சாத்தியே கிடந்தால் மேனேஜர் காதுக்குப் போகும். வேலை போகும். மகள் மனதில் நான் அடுப்படிக்காரியாகவே நின்றுவிடுவேன். மகனை அடிக்கக் கை ஓங்கினேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். “அவன அடிச்சா அவங்களுக்கு என்னாம்மா புரியும்? நீ வா.” பையைத் திறந்து தன் பட்டுப் பாவாடையை எடுத்தாள். பசுபதிநாதர் கோயிலுக்குக் கட்டிக்கொள்ள வைத்திருந்தாள். அவள் அப்பா மிச்ச நூலில் நெய்தது.

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடியும். திறந்ததும் தறி நெய்வதுபோல் கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். இவர்கள் அப்பா, எங்கள் வீடு, துணி என்று தெரிந்த இந்தியை எல்லாம் கொட்டினேன். மகள் பாவாடையின் உள்மடிப்பிலிருந்து தானே ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினாள். முடி கருகும் வாசனை வந்தது. சாம்பலை விரலால் நசுக்கி அவரிடம் நீட்டினாள். பிறகு தன் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி கழுத்தில் போட்டாள். தம்பியையும் போடவைத்தாள்.

தீதி சாம்பலை முகர்ந்து பார்த்தார். இது நெசவாளி வீட்டுக் கைப்பழக்கம் என்று புரிந்துபோய்ச் சிரித்துவிட்டார். அத்தோடு விட்டாரா? பெட்டியைத் திறந்து தம் கல்யாணச் சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து என் மகள் மடியில் வைத்தார். பட்டுதானே என்று கேட்டார்.

தொட்டதுமே பட்டில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகனுக்கும் தெரிந்தது, கையை ஓரத்துக்குக் கொண்டுபோனான். மகள் அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினாள். “நூல எடுத்தே, உன்ன இங்கியே உட்டுட்டுப் போயிடுவோம்.” பிறகு சேலையை மெதுவாகத் தடவி, காலையில் லாட்ஜுக்கு வரும் வழியில் காய்கறிக் கடையில் கற்ற ஒரே நேபாளிச் சொல்லைச் சொன்னாள். “ராம்ரோ.” அழகு என்று அர்த்தம். அது பொய்யில்லை. அந்தச் சேலை அழகாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் தீதியே எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்தூபியைச் சுற்றிவந்து, வலது கையால் பிரார்த்தனை உருளைகளைச் சுழற்றச் சொல்லிக்கொடுத்தார். மகன் இடப்பக்கமாக ஓட, யாரோ ஒரு பாட்டி தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். பழைய கடைவீதியில் நடுத்தெருவில் கோயில். தலையில் மூட்டையோடு போகிறவர்களும் ஒரு நொடி நின்று நெற்றியைத் தொட்டுக்கொண்டு போனார்கள். மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். “எனக்கும் தெரியாது, கேட்டுச் சொல்றேன்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. ஆவியில் வெந்த மோமோவைக் கடித்துப் பார்த்த மகன், “கொழுக்கட்டையில கோஸ் வச்சிருக்காங்கம்மா” என்றான். ராத்திரிச் சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று பேரும் ஓடிவந்தோம். நறுக்கவேண்டிய காயில் பாதியைத் தீதி நறுக்கினார்.

ஊர் திரும்பியதும் நாத்தனார் வந்து, “என்னாத்தடி கண்டே அங்க?” என்று மகளைக் கேட்டாள்.

“அம்மாவுக்கு அங்க ஒரு வூடே இருக்குது அத்த” என்றாள் மகள்.

மகனின் துண்டை வாங்கிய என் கணவர், வழக்கம்போல் விரலிடுக்கில் தேய்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “சொல்லாதப்பா” என்று பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தத் துண்டு இப்போது தறிக்குப் பக்கத்தில் சாமி படத்தின்மேல் தொங்குகிறது, ஓரத்தில் நூல் பிரிந்தபடியே.

துணியைத் தேய்த்துப் பார்க்கும் எங்கள் கைப்பழக்கம் மாறப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரில் யார் எதை நீட்டினாலும், முதலில் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன்.