அண்ணாச்சி மருமகனின் பட்டம்

சிவகாசியில் தீக்காய சிகிச்சைக்குப் பேர்போன ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வெளியூரிலிருந்து வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களின் படிப்பு உண்மைதானா என்று மருத்துவக் கவுன்சிலில் கேட்டு உறுதிசெய்வது அழகுமீனாவின் வேலை. பதில் வராமல் யாரையும் அவள் கேமரா முன் உட்காரவிடுவதில்லை.

இந்த முறை சேரவிருந்தவர், ஊரில் அச்சகமும் நடத்தும் முதலாளி சங்கரலிங்கத்தின் மருமகன், மதுரை டாக்டர். நாளைக்கே தொடங்கவேண்டுமாம்.

“பத்திரிகையிலேயே எம்.எஸ்.னு போட்டிருக்கு, பாக்கலையா?” என்று முதலாளி மகளின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். “எங்க வீட்டு மாப்பிள்ளையவே சந்தேகப்பட்டா, நாளையிலேருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்.”

“எங்க கல்யாணப் பத்திரிகையில எங்க வீட்டுக்காரருக்கும் பி.இ.னு போட்டிருந்தாக, அண்ணாச்சி.”

“அதுக்கென்ன?”

“இன்னும் மூணு பேப்பர் பாஸாகல.”

“அத எங்கன அடிச்சீக?”

“நம்ம பிரஸ்லதான், அண்ணாச்சி.”

சங்கரலிங்கம் பத்திரிகையை மடித்தார். “கவுன்சில்ல கேளு. மாப்பிள்ளை காதுக்குப் போகவேண்டாம்.”

“அவரு சம்மதம் எழுதிக் குடுத்தாத்தான் கேக்கவே முடியும்.”

“அப்ப நீயே பேசிக்கோ” என்று எழுந்துபோனார்.

அழகுமீனா மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். கவுன்சில் பதில் வராததால் மறுநாள் கேமரா முன் வழக்கமான டாக்டரே உட்கார்ந்திருந்தார். அவளும் வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தாள்.