இரண்டாவது ஸ்கேனுக்குப் போன பரோட்டா மாஸ்டர்

அடைக்கலம் வலது கையால் கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நன்றாக இருந்த இடது கையைத் துண்டு சுற்றி நான்தான் கட்டியிருந்தேன். பாதிக் கடலை தரையில் உருண்டது.

விராலிமலையில் நெடுஞ்சாலையோரம் பரோட்டாக் கடை அவருடையது. பக்கவாதத்தில் வலது கை விழுந்ததும் கடை மூடிக் கிடந்தது. மச்சினன் பிராங்க்ளின் அதை வேறொரு மாஸ்டருக்குக் கைமாற்றிவிடப் பேசிக்கொண்டிருந்தான். பரோட்டாக் கல்லை ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காதென்று அடைக்கலத்துக்குப் பயம்.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வில் அவரைச் சேர்த்திருந்தார்கள். முதலில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நல்ல கையைக் கட்டிவைத்து, விழுந்த கையை வேலை வாங்க வேண்டும். சில வாரங்களில் மறுபடி ஸ்கேன். அதற்குள் மூளையின் வடிவமே மாறுகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். வேலை வாங்குவதற்கு, நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி பெற்ற நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரமாகியும் கை தேறவில்லை. சந்தேகப்பட்டு ஒரு மதியம் சொல்லாமல் போனேன். மனைவி இன்னாசியம்மாள் சோற்றை உருட்டி அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“இவரென்ன கைப்பிள்ளையா?” என்றேன்.

“வாரவங்க போறவங்க பாக்குறாங்கக்கா. சோத்தச் சட்டையில கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என்னையத்தானே பேசுவாங்க? எடக்கையால திங்கவும் விட முடியுமா?”

“கொட்டட்டும், கோழி பொறுக்கிக்கும். அவரு கையோட வேலைய நீ புடுங்காத.”

அடைக்கலம் வாய் நிறையச் சோற்றோடு, “நல்லாச் சொல்லுங்கக்கா. உப்பும் பத்தல” என்றார்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் அவர் கைதான். இன்னாசியம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பேப்பரை விரித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சிந்துவது குறைந்தது.

இரண்டாவது ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் பிரகதீஸ்வரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

“கைய அசைக்கிற எடம் இது. முன்னைக்கு இப்ப லேசாத் தடிச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் அளந்து சொல்லுது.”

“மூளையும் மாவு மாதிரிதானா டாக்டர்? பெசையப் பெசையப் பதம் வருமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்படியே வச்சுக்கங்க. ஆனா கை முழுசா வரும்னு இத வச்சுச் சொல்ல முடியாது.”

“பழைய மாதிரி பரோட்டா வீச முடியுமா?”

“தெரியாதுங்க. வேலைய மட்டும் நிறுத்தாதீங்க.”

பஸ்ஸில் ஊர் வரும்வரை வலது கையை மடக்கி விரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பிராங்க்ளினுக்குப் போன் போட்டார். “மாப்ள, கடைய விடல. அந்த மாஸ்டரச் சம்பளத்துக்கு வரச்சொல்லு. வீசுறது அவரு, மாவு நானு.” பிறகு கடையைத் திறந்து, இன்னாசியம்மாள் தண்ணீர் ஊற்ற, இரண்டு கையாலும் மைதா பிசைந்தார். அன்றைக்கு இரண்டு கிலோதான் முடிந்தது.