ஒரு நாள் விரித்த பாய்

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் இருக்கிறது. காலையில் காப்பியோடு அது ஜன்னல் விளிம்புக்கு வரும். குடித்து முடித்ததும் நானே கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் டம்ளர்களோடு அது ஒருநாளும் சேர்வதில்லை. யாழ்ப்பாணத்தில் அறுபது வயதுவரை எனக்கு யாரும் இப்படி டம்ளர் பிரித்து வைத்ததில்லை. அங்கே நாங்கள்தான் பிரித்து வைப்பவர்கள். மற்றவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பவர்கள்.

வீட்டுக்காரர் வைத்தியநாதன் கல்லூரி விரிவுரையாளர். நல்ல மனிதர். சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் குடிவந்த அன்றே குரலைத் தாழ்த்தி, "ஆத்துல பெரியவா இருக்கா ஸார், தப்பா எடுத்துக்காதேங்கோ" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை. என்னை இங்கே அழைத்துவந்த மகன் வேலை மாறி ரங்கூனுக்குப் போன பிறகும், இந்த நகரத்து நூலகங்களுக்காகவே நான் தங்கிவிட்டேன். டம்ளர் பிரிந்த நாளிலிருந்து அங்கே நான் வேறெதையும் வாசிக்கவில்லை. மனிதரை மனிதர் தள்ளி வைத்த கதை எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் கேட்டு வாங்கினேன். வாசிக்க வாசிக்கக் கோபம் ஏறும். அறையில் இருப்புக் கொள்ளாது. கோயில் குளத்தை நான்கு சுற்றுச் சுற்றுவேன், சாந்தோம் கடற்கரைவரை போவேன், திரும்பி வந்து மறுபடியும் குளத்தைச் சுற்றுவேன்.

நான் நூலகத்துக்குப் போவதை அறிந்த வைத்தியநாதன் ஓர் உதவி கேட்டார். இலங்கைக் கல்வி அறிக்கை ஒன்றில், சாதி வேற்றுமையே இல்லாத ஒரு பாடசாலையைப் பற்றி ஒரு வரி இருப்பதாக யாரோ சொன்னார்களாம். அதன் சரியான வாசகம் அவருக்கு வேண்டும். டிராம் ஏறிப் போய், சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இருபது வருடமாக அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் முனுசாமி, கனத்த தொகுதி ஒன்றை இரண்டு கையாலும் சுமந்து வந்தார்.

"இத்த எவனும் தொட்டதே இல்ல சாமி. தூசு தட்டிக்கினு வரதுக்குள்ள எனுக்கு மூக்கே அடைச்சிப் பூட்ச்சி."

பக்கத்தைக் கண்டுபிடித்தேன். 'இப்பாடசாலையில் இருக்கையில் எவ்வித வேற்றுமையும் இல்லை எனத் தலைமையாசிரியர் தெரிவிக்கிறார். பரிசோதகரும் நேரில் கண்டார்' என்ற பொருளில் இருந்தது அந்த ஆங்கில வரி. பக்கத்திலேயே பாடசாலையின் பெயர். அந்தத் தலைமையாசிரியர் நான்.

"இன்னா சாமி, மூஞ்சி இப்டிப் பூட்ச்சி? உங்க ஊர்க்காரங்க யார்னா செத்துட்டதாப் போட்டுக் கீதா?"

"ஓம்" என்றேன். எங்கள் ஊரில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வோம். முனுசாமியோ, செத்தவருக்காக நான் மந்திரம் தொடங்கிவிட்டேன் என்று எண்ணிக் கைகட்டி நின்றார். மேற்கொண்டு ஒன்றும் வராததைக் கண்டு மெல்ல நகர்ந்தார்.

பதினைந்து வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். எங்கள் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருப்பார்கள். இங்கே பெஞ்சு என்பதை நாங்கள் வாங்கு என்போம். பனை ஏறும் குடும்பத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருப்பார்கள். எல்லாரையும் சமமாக இருத்தாவிட்டால் உதவிப்பணம் நின்றுவிடும் என்று கல்விப் பகுதியிலிருந்து உத்தரவு வந்தது. வாங்கில் எல்லாரையும் ஏற்றினால் பெரிய வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு வழி கண்டேன். பரிசோதகர் வரும் நாளுக்கு முதல்நாள் வாங்குகளையெல்லாம் அயல் வீட்டு வளவில் இருந்த மாட்டுக் கொட்டிலில் அடுக்கினோம். ஒரே நீளமாகப் பாய் விரித்தோம். ஒரு நாளைக்குத்தானே என்று பெரிய வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். பரிசோதகர் மகிழ்ந்து கைகுலுக்கினார். நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தில் அன்றைய தேதிக்கு ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வாங்குகள் திரும்பின. வள்ளி என்ற பத்து வயதுப் பிள்ளை, முதல்நாள் தன்னருகே பாயில் இருந்த சிநேகிதியின் பக்கத்தில் போய் வாங்கில் இருந்தாள். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. இறங்கச் சொன்னேன்.

"நேற்று எல்லாரும் ஒண்டாத்தானே இருந்தனாங்கள், ஐயா. இண்டைக்கு ஏன் நான் மட்டும் கீழ?"

பிரம்பை எடுத்தேன். அடிக்கவில்லை, எடுத்தது போதுமாயிருந்தது. அவள் இறங்கினாள். நிலத்தில் இருக்கவில்லை, சிலேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. கூப்பிட்டு வர நான் யாரையும் அனுப்பவில்லை.

இவ்வளவும் நினைவுக்கு வந்த பிறகும் நான் செய்ததைக் கேளுங்கள். அந்த வரியைத் தெளிவாகப் பிரதி செய்து வைத்தியநாதனிடம் கொடுத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அன்று காப்பியோடு இரண்டு முறுக்கும் ஜன்னலுக்கு வந்தன. மூன்று நாள் குளத்தைச் சுற்றினேன். அந்த வரி அவர் புத்தகத்தில் ஏறினால், வள்ளி நிலத்தில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். நான்காம் நாள் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, நான் கொடுத்த பிரதியை எடுத்துவந்து மறுபடி பார்த்தார். "நீங்க சொல்றதை நான் நம்பறேன் ஸார். ஆனா அச்சுல இருக்கறதைத்தானே அடிக்குறிப்புல காட்ட முடியும்? ஜன்னலோரம் நின்னுண்டு நீங்க சொன்னேள்னு போட்டா யார் ஒத்துப்பா?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அச்சில் இருந்தால்தான் சான்று என்றால், யாழ்ப்பாணத்திலும் மலாயாவிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்கள் முன்னால் அச்சிலேயே சொல்கிறேன்: அந்த அறிக்கையில் உள்ளது பொய். எழுதியவன் நான். இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை வைத்தியநாதனிடம் கொடுப்பேன். இன்னொன்றை முனுசாமியிடம் கொடுத்து, அந்தத் தூசுத் தொகுதிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். வள்ளிக்கு இப்போது இருபத்தைந்து வயது இருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்காவது நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்துவிடுங்கள் என்று உறவினர்கள் எழுதுகிறார்கள். வந்தால் முற்றத்தில் எனக்கு வாங்கு போடுவார்கள். சிலர் நிலத்தில் இருப்பார்கள். இங்கேயோ காப்பி குடித்து, டம்ளரைக் கழுவி, ஜன்னலில் கவிழ்த்து வைக்கிறேன். இந்த டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் கப்பலேறிவிடலாம் என்று தோன்றுகிறது. அந்த வாங்கை நினைத்ததும் கால் எழ மறுக்கிறது.