அம்மாவின் ரஷ்யப் பாடகி

இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா போட்டிருந்த செய்தி: "எல்லாரும் இந்தப் பிள்ளைக்கு வோட்டுப் போடுங்கோ."

பிள்ளை என்பது ஓர் இளம் ரஷ்யப் பாடகி. இத்தாலியில் நடக்கும் சர்வதேசப் பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறாள்.

மரக்கறி வாங்க மில்லிக்கன் பக்கக் கடைக்குப் போகும்போது காரில் முழுக்க அவள் கதைதான். "சின்னனிலை பல்கேரியாவிலை மூண்டாவதா வந்தவள். பிறகு கசகஸ்தானிலை முதலாவது. போன வருசம் துருக்கியிலை தொண்டை கட்டி, பாவம், ஒண்டும் கிடைக்கேல்லை."

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால் "ஏதோ ஒஃபிஸ்" என்பவர் இவர்.

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நானும்தான் போட்டியில் பாடினேன். என் முறை வந்ததும் அம்மா எழுந்து வெளியே போனார். நான் பாடி முடித்த பிறகுதான் திரும்பி வந்தார்.

கேட்டே விட்டேன். "நான் பாடேக்க எழும்பிப் போனியள். உவளுக்கு மட்டும் ஊரெல்லாம் வோட்டுக் கேக்கிறியள்?"

"நீ பாடேக்க எங்கை பிழை விட்டிடுவியோ எண்டு எனக்கு நெஞ்சு இடிக்கும். இருந்து கேக்கேலாது. இவள் பிழை விட்டா எனக்கென்ன," என்றார் அம்மா, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

பதில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் அம்மா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நானும் ஒரு வோட்டுப் போட்டேன்.

அவளோடு போட்டியிடும் இத்தாலிக்காரப் பையனுக்கு.

குழுவில் இருக்கும் சொந்தங்களே, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? அம்மா என் முகநூல் பக்கம் வரமாட்டார், துணிந்து சொல்லலாம்.